கட்டுமரமும் துணைமரமும்: மிதவைச் சொற்களின் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. முன்னுரை

ஒரு மொழியிலிருந்து வெளியேறிய சொல், வேற்றுமொழியில் வேறு பொருள் பெற்றுத் தன் தாய்மொழிக்கே திரும்பி வருவது உண்டு. அவ்வாறு திரும்பும் சொல்லைத் தாய்மொழியினர் அடையாளம் காணாது புதுச்சொல்லாக எண்ணி ஒலிபெயர்த்துக்கொள்வதும் உண்டு. தமிழின் ‘கட்டுமரம்’ அத்தகைய சொல்லாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் படகு விளையாட்டுப் பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றன் தமிழ், தெலுங்கு மொழிபெயர்ப்புகளைப் பார்வையிடும் வாய்ப்புத் திருப்பதியில் இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. கையாக் என்னும் ஒடுங்கிய சிறு படகில் பாய் கட்டுவது, அது கவிழாதிருக்க இருபுறமும் மிதவைகளைப் பொருத்துவது, அம்மிதவைகளைத் தாங்கும் கழிகளின்மேல் பலகையிட்டு ஆள் அமர இடம் செய்வது, பாயின் கயிறுகளை எளிதில் இழுக்குமாறு திருத்துவது ஆகியவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைகளை அந்நூல் விளக்கியது. தமிழ் வரைவில் ‘கேட்டமரான்’, ‘டிரைமரான்’, ‘அவுட்ரிக்கர்’ என மூன்று சொற்கள் பக்கந்தோறும் காணப்பட்டன. தெலுங்கு மொழிபெயர்ப்பாளரோ முதற்சொல்லுக்குத் ‘தெப்ப’ என்னும் தம் மொழிச் சொல்லை ஆளலாமா என வினவினார். அங்கிருந்தோர் சிலர், அச்சொல் கோயில் திருவிழாவையன்றோ நினைவூட்டும் எனத் தயங்கினர்.

கட்டுமரத்தைக் ‘கேட்டமரான்’ எனத் தமிழன் எழுதுவதற்கும், தெப்பம் என்றால் திருவிழா மட்டுமே எனத் திருப்பதியார் எண்ணுவதற்கும் அடிப்படை ஒன்றே. கரையோரத் தொழில்வழக்கு, நூல்வழக்கிற்கும் உள்நாட்டார் வழக்கிற்கும் எட்டாமற் போயிற்று. இக்கட்டுரை, கட்டுமரம், தெப்பம், துணைமிதவை ஆகிய மூன்றன் பொருள் வரலாற்றையும் சொல் வரலாற்றையும் இணைத்து ஆராய்ந்து, மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க நெறி ஒன்றைச் சுட்ட முற்படுகின்றது.

2. எல்லையும் நீரும்

சித்தூர், திருப்பதி எனின் மலையும் ஏரியும் நினைவிற்கு வருமேயன்றிக் கடல் நினைவிற்கு வருவதில்லை. 1911 ஏப்ரல் 1இல் வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட பழைய சித்தூர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. 1960இல் ஆந்திரம், சென்னை மாநிலங்களிடையே எல்லைத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு பகுதி சித்தூரைச் சேர்ந்தது. தமிழ் வழங்கும் ஊர்கள் பல இவ்வாறு ஆந்திர எல்லைக்குள் அமைந்தன. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதியைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூளூர்ப்பேட்டை, தடா முதலிய பகுதிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. அதனால் திருவேங்கடமலையும் பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியும் ஒரே மாவட்டத்துள் அடங்கின.

பழவேற்காட்டு ஏரி, சிலிகாவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதனை வங்கக்கடலினின்று பிரிக்கின்றது. ஆரணியாறும் காளங்கியாறும் அதனுள் பாய்கின்றன. ஏரியின் தென்முனையிலுள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை நிறுவினர். சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் அதுவே அவர்தம் தலைமையிடம். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் ஏரியின் வழியே சென்றது. 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய இக்கால்வாய், 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது நீட்டிக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டா விறகு இக்கால்வாய் வழியாகவே பாய்ப்படகுகளில் சென்னைக்குச் சென்றது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. 1969இல் தீவு ஏவுதளத்திற்கெனத் தெரிவு செய்யப்பட்டது. படகுப் போக்குவரவும் அதனையொட்டிய சொல்வழக்கும் மெல்லத் தேய்ந்தன.

இக்கரையின் மொழிநிலை இருமொழி நிலையாகும். தென்பகுதியில் பட்டினவர் தமிழ் பேசுவர். வடக்கே நெல்லூர்க் கரையில் ‘பட்டபு’ எனப்படும் மீனவர் தெலுங்குச் சூழலில் வாழ்ந்தபோதிலும், இல்லத்தில் தமிழ்ச் சார்புடைய பேச்சு வழங்குவோர் ஆவர். ஆகவே இப்பகுதியின் கலச்சொற்களை ஆராய்வோர், மாநில எல்லையைச் சொல்லெல்லையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

3. தெப்பம்: ஒரு சொல், இரு வாழ்க்கை

‘தெப்பம்’ என்பது தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் உள்ள திராவிடச் சொல். மிதப்பது, மிதவை என்பதே அதன் பொதுப்பொருள். தமிழில் இச்சொல் நாளடைவில் கோயிற் குளத்துடன் ஒன்றிவிட்டது. திருமலையில் சுவாமி புஷ்கரிணியில் ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் முழுநிலவோடு நிறைவுறுமாறு ஐந்து நாள் தெப்போற்சவம் நடைபெறுகின்றது. திருச்சானூர்ப் பதுமசரோவரத்திலும் சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கத்திலும் தெப்ப விழா உண்டு. இப்பகுதி மக்களுக்குத் தெப்பம் என்பது விளக்கொளியில் இறைவன் உலாவரும் அணிமிதவை.

ஆந்திரக் கடற்கரை மீனவர்க்கோ ‘தெப்ப’ என்பது நாள்தோறும் அலையில் இறக்கும் கட்டுமரம். ஒரே சொல், நாற்பது ஐம்பது கல் தொலைவிற்குள், ஒரு சாரார்க்கு ஆண்டிற்கு ஒருமுறை காணும் தெய்வ ஊர்தியாகவும் மற்றொரு சாரார்க்கு வயிற்றுப்பாட்டிற்குரிய கருவியாகவும் உள்ளது. பொருள் வேறுபட்டதுபோல் தோன்றினும் அமைப்பு வேறுபடவில்லை. இக்காலத்துப் பல கோயில்களில் வெற்றுப் பீப்பாய்களை வரிசையாக நிறுத்திக் கட்டி, அவற்றின்மேல் பலகை பரப்பித் தெப்பம் அமைக்கின்றனர். பல மிதவைகளைப் பிணைத்து அகலத்தைப் பெருக்கி, அகலத்தால் கவிழாமையைப் பெறுவதே அதன் நுட்பம். கட்டுமரத்திற்கும் கையாக்கின் இருபுறமும் மிதவை பொருத்துவோர்க்கும் உரிய நுட்பமும் அதுவே. கோயில் தச்சர், மீனவர், விளையாட்டுப் படகோட்டி ஆகிய மூவரும் தாம் அறியாமலே ஒரே விதியைக் கையாளுகின்றனர்.

தெலுங்கு ‘மானு’, பழந்தெலுங்கு ‘ம்ரானு’ என்பன தமிழ் ‘மரம்’ என்பதன் இனச்சொற்கள். ‘கட்டு’ என்னும் வினையும் தெலுங்கிற்கு உரியதே. இரண்டையும் இணைத்துக் கலப்பெயர் ஆக்கும் வாய்ப்பு இருந்தும் தெலுங்குக் கரை அதனைப் பொதுப்பெயராகக் கொள்ளவில்லை. ‘தெப்ப’ என்றே நின்றது. தமிழ்க் கரை பொருளைச் செய்யும் முறையால் பெயரிட்டது. தெலுங்குக் கரை பொருளின் இயல்பால் பெயரிட்டது. இது பெயரிடு நெறியில் கருதத்தக்க வேறுபாடு.

4. கட்டுமரம்: சொல்லின் பயணம்

கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ‘எரித்திரேயக் கடற் பெரிப்ளூசு’ சோழமண்டலத் துறைகளில் வழங்கிய மூவகைக் கலங்களைச் சுட்டுகின்றது. கரையோரமாக இலிமிரிகே வரை செல்லும் உள்நாட்டுக் கலங்கள் ஒருவகை. ஒற்றைமரங்கள் பலவற்றைப் பிணைத்துச் செய்த பெருங்கலமாகிய ‘சங்கரா’ மற்றொன்று. கங்கைக்கும் பொன்னாட்டிற்கும் செல்லும் ‘கொலந்தியோபொந்தா’ மூன்றாவது. இவற்றுள் ‘சங்கரா’ என்பதைத் தமிழ்ச் ‘சங்கடம்’, மலையாளச் ‘சங்ஙாடம்’ ஆகியவற்றோடு அறிஞர் தொடர்புபடுத்துவர். இச்சொற்களுக்கு மூலமாகச் சொல்லப்படும் வடமொழிச் ‘சங்காட’ என்பதும் மரங்களை இணைத்தல் என்னும் பொருளது. போர்த்துக்கேயர் மலையாளக் கரையில் இச்சொல்லை ஏற்று ‘ஜங்காடா’ என வழங்கினர். அது அவர்களுடன் பிரேசில் சென்று, அங்கு மீனவர் ஆளும் பாய்மிதவையின் பெயராக இன்றும் நிலவுகின்றது. கட்டுதல், இணைத்தல் என்னும் தொழிலால் பெயர் பெற்ற கலச்சொற்கள் இரண்டு, தென்னிந்தியக் கரைகளினின்று உலகின் வெவ்வேறு மூலைகளை அடைந்துள்ளமை ஈண்டு நினையத்தக்கது.

‘கட்டுமரம்’ ஐரோப்பியர் எழுத்தில் முதலில் தோன்றும் இடங்களுள் ஒன்று, வெனிசு நகர மணிவணிகர் கஸ்பாரோ பால்பியின் பயணக் குறிப்பு. 1583ஆம் ஆண்டளவில் சாந்தோம் கரையில் தாம் கண்ட ஏழு மரங்கள் பிணைத்த மிதவையை அவர் ‘கத்தமெரோனி’ எனப் பெயரிட்டு வருணிக்கின்றார். ஈற்று இகரம் இத்தாலியப் பன்மை விகுதி. தமிழ் ‘-ம்’ ஈறு ‘-ன்’ எனக் கேட்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. பின்னர் 1697இல் வெளிவந்த வில்லியம் தம்பியரின் பயணநூல் வாயிலாக இச்சொல் ஆங்கிலத்தில் பரவியது. அங்கும் ஈறு ‘-ன்’ ஆகவே உள்ளது. ஈற்று மகரம் பேச்சில் மூக்கொலிச் சாயலாக மெலிவதே இத்திரிபிற்குக் காரணம் எனலாம். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இச்சொல்லின் தமிழ் மூலத்தை ஐயமின்றிப் பதிவு செய்தது.

பொருள் மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1876இல் நத்தனியல் ஹெரசாப் என்பார் இரண்டு ஒடுங்கிய உடல்களைக் கழிகளால் இணைத்த ‘அமரில்லிசு’ என்னும் பாய்ப்படகைப் போட்டியில் செலுத்தினார். அடுத்த ஆண்டு அமைப்புரிமையும் பெற்றார். இத்தகைய ஈருடற் படகு ‘கேட்டமரன்’ எனப்பட்டது. பல மரம் பிணைத்த மிதவை என்ற பொருள் மறைந்து, ஈருடற் படகு என்ற பொருள் நிலைத்தது. 1940களில் விக்டர் செச்செட் என்பார் மூன்றுடற் படகிற்கு ‘டிரைமரன்’ எனப் பெயரிட்டார். இதன்கண் மொழியியலாளர் மறுபகுப்பு எனக் கூறும் நிகழ்வைக் காணலாம். ‘கட்டு’ என்னும் முற்பகுதி ‘இரண்டு’ என்னும் எண்ணுப்பெயர் போலக் கொள்ளப்பட்டுக் கழிக்கப்பட்டது. ‘மரன்’ என்னும் பிற்பகுதி ‘உடல்’ என்னும் பொருள் தரும் ஒட்டாக எஞ்சியது.

இம்மறுபகுப்பை ஆங்கிலேயரின் அறியாமை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் சோழமண்டலக் கரை வழக்கை நோக்கின் வேறொன்று புலனாகும. மீனவர் தம் கலத்தைப் பெரும்பாலும் ‘மரம்’ என்றே வாளா கூறுவர். பெரிய மரம், சின்ன மரம், கோலா மீன் பிடிக்கச் செல்லும் கோலாமரம் என அடைகள் மாறும். தலைச்சொல் ‘மரம்’ மாறாது. அஃதாவது, தமிழ்க் கரை வழக்கிலேயே ‘மரம்’ என்பது தாவரப் பொருளினின்று விரிந்து கலத்தின் இனப்பெயராகிவிட்டது. ‘டிரைமரன்’ என்னும் சொல்லில் தலைச்சொல்லாக நிற்பது, தமிழ் மீனவர் தலைச்சொல்லாகக் கொண்ட அதே ‘மரம்’. ஆக்கியவர் தமிழ் அறியாராயினும் சொல்லின் அமைப்புத் தமிழ்க்கரை அமைப்போடு ஒத்துவிட்டது.

5. துணைமிதவையும் இருக்கைப் பலகையும்

பாய்ப்படகு கவிழ்வது ஏன் என்பதைச் சுருக்கமாகக் கூறுதல் தகும். பாயின்மேல் மோதும் காற்று படகை முன்செலுத்துவதோடு பக்கவாட்டிலும் சாய்க்கின்றது. இச்சாய்வை எதிர்ப்பதற்கு வழிகள் மூன்று. முதலாவது, காற்று வரும் பக்கத்தில் எடையைத் தொலைவில் வைத்தல். 60 கிலோ எடையுள்ள ஒருவர் படகின் நடுக்கோட்டினின்று அரை மீட்டரில் அமர்ந்தால் அவர்தம் எதிர்ப்பு 30 கிலோ-மீட்டர். அவரே 2 மீட்டர் வெளியே பலகையில் அமர்ந்தால் 120 கிலோ-மீட்டர். ஆள் ஒருவரே, அமரும் இடத்தால் பயன் நான்கு மடங்காகின்றது. இரண்டாவது, காற்று போகும் பக்கத்தில் மிதவை ஒன்றைப் பொருத்தி, அது நீரில் அமிழ மறுக்கும் ஆற்றலைப் பயன்கொள்ளுதல். மூன்றாவது, கலத்தையே அகலமாக்குதல். தெப்பமும் கட்டுமரமும் இவ்வகையின.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் வழங்கும் ‘ஒருவ’ என்னும் தோணி முதல் வழியைக் கையாள்வது. அதற்கு ஒருபுறம் மட்டுமே மிதவை. சிங்களத்தில் அதனைக் ‘கொல்லாவ’ என்பர். அம்மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். ஆகவே திசை மாற்றும்போது படகைத் திருப்புவதில்லை. முன்முனை பின்முனையாகவும் பின்முனை முன்முனையாகவும் மாற, பாயையும் சுக்கான் துடுப்பையும் இடம் மாற்றுவர். காற்று வலுக்கும்போது ஆட்கள் மிதவைக் கழிகளின்மேல் நகர்ந்து செல்வர். எத்தனை பேர் செல்ல நேர்ந்தது என்பதைக் கொண்டு ‘ஒருவர் காற்று’, ‘இருவர் காற்று’ எனக் காற்றின் வலிமையை அளந்து கூறினர் என்பது இலங்கையைக் கண்ட ஆங்கிலேயர் பதிவு செய்த செய்தி. மனித உடலே அளவுகோலாகிய இவ்வழக்கு, சொற்பொருளியலார் போற்றத்தக்கது.

தமிழகத்தில் பாக்கு நீரிணைப் பகுதி இதனை வேறுவகையில் தீர்த்தது. அதிராம்பட்டினம் முதலிய ஊர்களில் கட்டப்பட்ட ‘வத்தை’ என்னும் படகு ஆழமற்ற நீருக்கு ஏற்ற தட்டையான அடியுடையது. பாய்மரங்கள் மூன்று வரை உண்டு. பக்கவாட்டில் நழுவாதிருக்கப் பக்கப் பலகைகளை நீரில் இறக்குவர். கவிழாதிருக்க, படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றை இட்டு, அதன் ஒருமுனை காற்று வரும் பக்கத்தில் வெளியே நீண்டிருக்குமாறு செய்து, ஆட்கள் அதன்மேல் சென்று அமர்வர். திசை மாறினால் பலகையை மறுபுறம் தள்ளுவர். மிதவை இல்லை, பலகையும் ஆளும் மட்டுமே. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்சு ஹார்னல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகமைப்புப் பற்றிய ஆய்வில் இக்கரைக் கலங்களை விரிவாகப் பதிவு செய்தார். சான் மெக்ரெயில், லூசி புளூ, எரிக் கெண்ட்லி, காலின் பால்மர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ‘தென்னாசியப் படகுகள்’ என்னும் நூல் வத்தையின் அமைப்பை மேலும் நுணுகி ஆராய்ந்தது. சட்டங்களை முதலில் நிறுத்திப் பின்னர்ப் பலகை அறையும் அதன் கட்டுமுறையும் அந்நூலில் விளக்கம் பெற்றுள்ளது.

மேலைநாட்டு விளையாட்டுப் படகுகளில் இதே பலகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. 1865இல் ஜான் மெக்ரெகர் ‘ராப் ராய்’ என்னும் சிறுபடகில் ஐரோப்பிய ஆறுகளில் உலாவியதையடுத்துச் சிறுபடகு விளையாட்டுப் பரவியது. 1880களில் அமெரிக்கரான பால் பட்லர், படகின் குறுக்கே இருபுறமும் நகரும் இருக்கைப் பலகையை அமைத்தார். வத்தையின் பலகையும் பட்லரின் பலகையும் தொழிலால் ஒன்றே. ஒன்று ‘கண்டுபிடிப்பு’ என நூலேறியது. மற்றொன்று பெயர் தெரியாத மீனவர் கைவழக்காக நின்றது. இன்று வீட்டில் மூங்கிலும் நெகிழிக் குழாயும் கொண்டு கையாக்கிற்குப் புற இருக்கை செய்வோர் பட்லரின் வழிவந்தோராகத் தம்மைக் கருதுவர். அவர்தம் கைவினைக்கு வத்தை ஓட்டியோரும் மூத்தோரே.

இனி, பழவேற்காட்டுக் கரையில் துணைமிதவை ஏன் இல்லை என்னும் வினா எழும். அதற்கு விடை மேற்கூறிய மூன்றாம் வழியில் உள்ளது. திறந்த கடலில் அலைமோதும் கரையைக் கடக்கக் கட்டுமரமே ஏற்றது; அது அகலத்தால் நிற்பது; நீர் புகுந்தாலும் மூழ்காது. ஏரியிலோ நீர் ஆழமற்றது. தட்டையடிப் படகே போதுமானது. தேவை இல்லாத இடத்தில் பொருள் இல்லை. பொருள் இல்லாத இடத்தில் சொல் இல்லை. சோழமண்டலத் தமிழிலும் தெலுங்கிலும் துணைமிதவைக்குப் பெயரின்மை மொழியின் குறைபாடு அன்று.

துணைமிதவை தென்னாசியாவிற்கு வந்த வழி பற்றியும் ஒருசொல். ஹார்னல் அதனைத் தென்கிழக்காசியத் தீவினரின் பழந்தொடர்பிற்குச் சான்றாகக் கொண்டார். பிற்காலத்தில் வருணோ மாடி 1999இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்ப் ‘படகு’, ‘படவு’, தெலுங்குப் ‘படவ’ ஆகியவை ஆசுத்திரனேசியக் கலச்சொல்லினின்று வந்தன என வாதிட்டார். இதனை அனைவரும் ஏற்றிலர். எனினும், நாம் ‘தூய’ சொல்லெனக் கருதும் படகே கடல்கடந்து வந்ததாயிருக்கலாம் என்னும் எண்ணம், கலச்சொற்களில் தனித்தமிழ் ஆக்கம் செய்வோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

6. பாயும் கயிறும்

பாய், பாய்மரம், கூம்பு ஆகியன தமிழ்ச்சொற்கள். பாயைத் தாங்கும் குறுக்குக்கழிக்குப் ‘பருமல்’ என்பது வழக்கு. சுக்கான் அரபுச் சொல். நங்கூரம் பாரசீக ‘லங்கர்’ என்பதனோடு தொடர்புடையது. பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறாகிய ‘தாமான்’, ஆடையின் ஓரம் என்னும் பொருள்படும் பாரசீகத் ‘தாமன்’ என்பதன் வழிவந்தது. 1811இல் தாமசு ரோபக் தொகுத்த ஆங்கில-இந்துத்தானிக் கப்பற்சொல் அகராதி, கப்பல் தொழிலாளர்தம் கலவைமொழியில் அச்சொல் அதே பொருளில் வழங்கியதைக் காட்டுகின்றது.

இவற்றுள் ஒரு நெறி புலனாகின்றது. காற்றைத் தாங்கும் அடிப்படை உறுப்புகளின் பெயர் பெரும்பாலும் தமிழ். பாயை ஆளும் கருவிகளிலும் கயிறுகளிலும் பிறமொழிச் சொற்கள் மிகுதி. பல இனத்தார் ஒன்றாகப் பணியாற்றிய கப்பல் மேற்றளத்தில் நொடிப்பொழுதில் புரியவேண்டிய ஏவற்சொற்கள் பொதுமொழியாயின. மீனவர் இவற்றைக் கூச்சமின்றி ஏற்றுத் தம் ஒலிக்கேற்பத் திருத்திக்கொண்டனர். கையேட்டின் தமிழ் வரைவிலோ பாய்க்கயிறு ஒவ்வொன்றுக்கும் ஆங்கில ஒலிபெயர்ப்பே இருந்தது. ‘தாமான்’ ஓரிடத்தும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் அகராதியைப் புரட்டியிருப்பின் இத்தகைய சொற்கள் பல கிடைத்திருக்கும்.

7. மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள சிக்கல்

‘அவுட்ரிக்கர்’ என்னும் ஆங்கிலச் சொல் ஒருபொருட் சொல்லன்று. மிதவை, மிதவையைத் தாங்கும் கழி, மிதவை பொருத்திய கலம் முழுவதும் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். துடுப்புப் போட்டிப் படகில் துடுப்பைத் தாங்கும் புறச்சட்டத்தையும் குறிக்கும். ஆகவே ஒரே தமிழ்ச்சொல்லை எங்கும் இடுதல் பிழைக்கு இடமாகும். ‘கழியை மிதவையோடு கட்டுக’ என்னும் அறிவுரை ‘புறமிதவையைப் புறமிதவையோடு கட்டுக’ எனத் திரிய, வீட்டில் படகு செய்வோன் நீரில் இறங்கியபின்னரே தவற்றை உணர்வான். இது சொல்லழகு பற்றிய வினா அன்று. உயிர் பற்றிய வினாவும் ஆகும்.

ஆங்கிலமே இச்சிக்கலைப் பிறமொழிச் சொற்களால் தீர்த்துக்கொண்டது. பலவுடற் படகோட்டிகள் மிதவையை ‘அமா’ எனவும் கழியை ‘அகா’ எனவும் பசிபிக் தீவினர் மொழியினின்று ஏற்று வழங்குகின்றனர். ‘கையாக்’ இனுயித்து மக்களின் சொல், ‘கனூ’ கரீபியத் தைனோ மக்களின் சொல், ‘புரோவா’ மலாய்ச் சொல், ‘மரன்’ தமிழ்ச்சொல். இத்துறையில் ஆங்கிலத்தின் வளம், கரையோர மக்களின் சொற்களை மதித்து ஏற்றதால் அமைந்தது.

இந்நோக்கில் பின்வருவன கருதத்தக்கன:

அ. கலத்தின் இனப்பெயராக ‘மரம்’ என்பதை ஏற்றால், ஈருடற் படகு ‘இரட்டைமரம்’, மூன்றுடற் படகு ‘மும்மரம்’ ஆகும். கட்டுமரம் தன் பழம்பொருளிலேயே நிற்கலாம். தமிழ் அறிந்தார்க்கு ‘டிரைமரன்’ என்பதைவிட ‘மும்மரம்’ விளங்கும். சொல்லின் மூலமும் மீட்கப்படும்.

ஆ. மிதவைக்குத் ‘துணைமரம்’, தாங்குகழிக்குக் ‘குறுக்குக்கழி’, ஆள் அமரும் பலகைக்குப் ‘புறப்பலகை’ எனப் பிரித்து ஆளலாம். மூன்றும் எளிய சொற்கள்; ஒன்றுக்கொன்று மயங்காதன.

இ. தெலுங்கில் ‘தெப்ப’ என்பதைத் தயக்கமின்றி ஆளலாம். கரையோரப் பொருள் இல்லாத ஒன்றன்று. உள்நாட்டார் மறந்த ஒன்று. அடைமொழி சேர்த்தால் திருவிழாப் பொருளோடு மயக்கம் நேராது.

ஈ. பாய்க்கயிறு முதலியவற்றிற்கு அகராதியிலும் கரைவழக்கிலும் உள்ள சொற்களை முதலில் தேடுதல் வேண்டும். பிறமொழி மூலம் உடையன என்பதால் அவற்றைத் தள்ளுதல் தகாது.

இப்பரிந்துரைகளுக்கு மறுப்பும் உண்டு. ‘மரம்’ என்பது நகரத்துப் படிப்போர்க்குத் தாவரத்தையே நினைவூட்டும். நெகிழியால் செய்த கலத்தை ‘மரம்’ எனல் பொருந்துமா என வினவலாம். பொருந்தும் என்பதற்குக் கரையே சான்று. கண்ணாடியிழைப் படகுகள் பரவத் தொடங்கியபின் அப்பொருளால் செய்த கலமும் ‘பைபர் கட்டுமரம்’ எனவே வழங்கப்பட்டது. செய்பொருள் மாறிய பின்னும் பெயர் நின்றது. வழக்கில் நிகழ்ந்துவிட்டதை ஆக்கத்தில் மறுப்பதற்கு இடமில்லை.

8. முடிவுரை

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் வேளாண் சொற்களைக் கொண்டு தொழிற்சொல் வட்டார அகராதியைத் தொடங்கினார். ஊர்தோறும் சென்று உழவரிடம் சொல் தொகுத்த அம்முயற்சி, இந்திய மொழியியலுக்கு ஒரு முன்மாதிரி. கலத்தொழிலுக்கு அவ்வாறு கரை முழுவதும் சென்று, தமிழ்-தெலுங்கு எல்லையைக் கடந்து தொகுக்கும் பணி உடனடியாகத் தேவைப்படுகின்றது.

உடனடி எனக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1980கள் முதல் புறப்பொறி கட்டுமரத்தில் ஏறியது, பாய் இறங்கியது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் மரக்கலங்களின் இடத்தைப் பெரிதும் பிடித்தன. பாய் விரித்துத் தொழில் செய்து பழகியோர் இன்று முதுமை எய்திவிட்டனர். காற்று வலுத்த நாளில் பலகையின் முனைக்குச் சென்று அமர்ந்தவர்க்கு அப்பலகையின் பெயரும், அதில் ஆள் அமரும் முறையின் பெயரும், எந்தக் காற்றில் எத்தனை பேர் என்னும் கணக்கும் தெரியும். அவர்தம் மக்கள் பொறியின் உறுப்புகளையே அறிவர். இக்கட்டுரையில் ‘புறப்பலகை’ எனப் பரிந்துரைத்த சொல், அம்முதியோர் நாவில் உள்ள சொல் தொகுக்கப்பட்டு அச்சேறும் வரைக்குமே உரியது. அச்சேறியபின் அதற்கு இடம் தந்து விலகுதல் முறை.

கையேட்டின் தமிழ் வரைவு இறுதியில் திருத்தப்பட்டது. ‘கேட்டமரான்’ நீங்கி ‘இரட்டைமரம்’ இடம்பெற்றது. தெலுங்கில் ‘தெப்ப’ நின்றது. திருத்தம் முடிந்த நாளில், தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் தடாப் பகுதி உறவினர் ஒருவரிடம் அச்சொல்லைப் படித்துக் காட்டியதாகவும், அவர் இதிலென்ன ஐயம், கடலுக்குப் போவது தெப்பத்தில்தானே என வினவியதாகவும் கூறினார். அறிஞர் குழு பன்னாள் வாதிட்ட வினாவிற்கு விடை, திருப்பதியிலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது.